அலுமினியம் இருபத்தேழு

காலைக் கூட்டம் முடிந்து டிரைவர்கள் வண்டிகளைப் பார்த்து நடக்கும்போது, லுதியா பாலிம்போங்கை மட்டும் ஆபீசுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஆபீஸ் என்பது ஒரு பழைய கண்டெய்னர். ஏசி ஓடினாலும் ஜன்னல் விளிம்பில் நிலக்கரித் தூசி கோடு போட்டிருக்கும். மேஜைக்குப் பின்னால் ஒர்க்ஷாப் மேலாளர் ஹர்யோனோ உட்கார்ந்திருந்தார். டிரைவர்களுக்கு அவர் பாக், அதாவது ஐயா. அவர் முன்னால் இரண்டு தாள்கள். ஒன்று, பாலிக்பாப்பன் நகரத்து ஆய்வகத்திலிருந்து வந்த எஞ்சின் எண்ணெய்ச் சோதனை முடிவு. இன்னொன்று, ஏற்கெனவே டைப் அடித்து வைத்த கடிதம். அதில் லுதியாவின் பெயர் இருந்தது, கையெழுத்துக்கு ஒரு கோடும் இருந்தது.

ஹர்யோனோ சோதனைத் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். சிலிக்கான் ஐம்பத்தெட்டு, செம்பு நூற்றுத் தொண்ணூறு. இரண்டுக்கும் சிவப்பு அடித்திருந்தது. சிலிக்கான் என்றால் மண், மண் என்றால் தூசி, தூசி எஞ்சினுக்குள் போயிருக்கிறது என்றால் டிரைவர் ஏர் பில்டரைக் கழற்றி, அடைத்த புழுதி உதிரத் தட்டியிருக்கிறாள் என்று அவர் விளக்கினார். தட்டினால் நெளிந்து தூசிக்கு வழி விடும் என்பதால், பில்டரை யாரும் தட்டக் கூடாது என்பது கம்பெனி விதி. வண்டி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. வண்டி விற்றவர்கள் இந்தத் தாளைப் பார்த்தால் உத்தரவாதம் கிடையாது என்று கைவிரித்துவிடுவார்கள். அதனால் யார் செய்த தவறு என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

"கையெழுத்து போடு. முதல் எச்சரிக்கைதான். மூணு வந்தாத்தான் வீட்டுக்கு அனுப்புவோம்."

"நான் தட்டல, பாக்."

"தாள் சொல்லுதே."

"தாள் சிலிக்கான்னு சொல்லுது. லுதியான்னு சொல்லல."

ஹர்யோனோ பேனாவை எடுத்துக் கடிதத்தின் மேல் வைத்தார். லுதியா பேனாவைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அவர் தடுப்பதற்குள் சோதனைத் தாளைப் படம் எடுத்துக்கொண்டாள். கம்பெனித் தாளைப் படம் எடுக்க யார் அனுமதி கொடுத்தது என்று அவர் குரலை உயர்த்தினார். என் வண்டியின் எண்ணெய், என் பெயருக்கு வந்த குற்றம், அதைப் பார்க்க எனக்கு அனுமதி வேண்டுமா என்று அவள் கேட்டாள். போனைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

லுதியாவுக்கு முப்பத்து நாலு வயது. ஊர் சுலாவேசியில், தொராஜா மலைப் பக்கம். பத்து வருஷத்துக்கு முன் கடல் தாண்டி கிழக்குக் கலிமந்தானுக்கு வந்தவள். வேறொரு சுரங்கத்தில் எண்ணெய் ஊற்றும் வண்டியில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு டிப்பர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது இருப்பது, சுரங்கத்துக்காரர்களிடம் ஒப்பந்தம் எடுத்து நிலக்கரி ஏற்றிப் போகிற கம்பெனியில். சுரங்கத்திலிருந்து ஆற்றங்கரைத் துறை வரைக்கும் முப்பத்து நாலு கிலோமீட்டர் மண் சாலை. மழைக்காலத்தில் அது சோப்பு மாதிரி வழுக்கும். வெயில் காலத்தில் முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு கூடத் தெரியாத அளவுக்குப் புழுதி எழும். அந்தச் சாலையில் ஆறு வருஷமாக ஒரு கண்ணாடியைக்கூட உடைக்காமல் ஓட்டியதால்தான் புதிதாக வந்த ஏழு டிப்பர்களில் ஒன்றை, பதினாலாம் நம்பரை, அவளிடம் கொடுத்திருந்தார்கள்.

நடந்ததை அவள் முதலில் சொன்னது ஷாரானியிடம். பதினாறாம் நம்பர் வண்டிக்காரர். கலிமந்தானின் பஞ்சார் இனத்துக்காரர், நாற்பது தாண்டியவர், வாயைத் திறந்தால் கேலிதான். எல்லாருக்கும் அவர் பாங் ஷாரானி, அதாவது அண்ணன். லுதியா புதிதாக டிப்பர் ஓட்ட வந்தபோது ஒயர்லெஸ்ஸில் சில பேர் அவளைச் சீண்டினார்கள். அப்போது இவர்தான் குறுக்கே புகுந்து அவர்கள் வாயை மூட வைத்தார். அன்று கேண்டீனில் மஞ்சள் சோறும் விரால் மீனும் சாப்பிட்டுக்கொண்டே அவள் போனில் இருந்த படத்தைக் காட்டினாள். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். கேலி எதுவும் வரவில்லை. "கையெழுத்து போடாத" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றைப் பாதியில் வைத்து எழுந்து போனார். அவருக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று லுதியா நினைத்துக்கொண்டாள்.

தாளின் அடியில் ஆய்வகத்தின் போன் நம்பர் இருந்தது. ஓய்வு நாளன்று அவள் அதற்குக் கூப்பிட்டாள். வெனிங் என்ற பெண் எடுத்தாள். மெதுவான ஜாவாக் குரல், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு மன்னிப்பு, கூடவே இபு, அதாவது அம்மா, என்ற மரியாதை. வாடிக்கையாளர் கம்பெனியின் முடிவைப் பற்றி வெளியாளிடம் பேசக் கூடாது, மன்னிக்க வேண்டும் என்றாள். நான் வெளியாள் இல்லை, அந்த வண்டியை ஓட்டுகிறவள் என்றாள் லுதியா. அப்படியானாலும் முடியாது, மன்னிக்க வேண்டும். போன் இதோடு வைக்கப்பட்டிருக்கும். ஆனால் லுதியா வைக்கவில்லை, அந்தப் பெண்ணும் வைக்கவில்லை.

"உங்க வண்டியப் பத்தி நான் பேச முடியாது, இபு" என்றாள் வெனிங். "ஆனா பொதுவா, ஏதோ ஒரு புது எஞ்சினப் பத்தி நீங்க கேட்டா, பொதுவா பதில் சொல்லலாம்."

"சரி. ஏதோ ஒரு புது எஞ்சின். இருநூத்தி அம்பது மணி நேரம் ஓடியிருக்கு. சிலிக்கான் அம்பத்தெட்டு. தூசியா?"

"பக்கத்துல அலுமினியம் எவ்வளவு இருக்கும், அந்த ஏதோ ஒரு எஞ்சின்ல?"

"அஞ்சு."

"இரும்பு?"

"நாப்பத்தாறு. குரோமியம் ஒண்ணு."

அந்தப் பக்கம் சின்னச் சிரிப்புச் சத்தம் கேட்டது. "தூசி தனியா வராது, இபு. மண்ணுன்னா அதுல சிலிக்கானும் இருக்கும், அலுமினியமும் இருக்கும். ரெண்டும் கை கோத்துக்கிட்டுத்தான் உள்ள வரும். வந்தா சும்மாவும் கெடக்காது. சிலிண்டரையும் ரிங்கையும் அரைக்கும். இரும்பும் குரோமியமும் கூடவே ஏறும். சிலிக்கான் மட்டும் தனியா ஏறி, மத்ததெல்லாம் அடங்கிக் கெடந்தா அது மண்ணு இல்ல. புது எஞ்சின்ல கேஸ்கெட்டுக்குத் தடவுற பசை. கொஞ்ச நாள் எண்ணெயில கரைஞ்சுக்கிட்டே இருக்கும், அப்புறம் தானா கொறையும்."

செம்பைப் பற்றியும் லுதியா கேட்டாள். அதுவும் அதே கதைதான் என்றாள் வெனிங். ஈயமும் தகரமும் சேர்ந்து ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று பயப்பட வேண்டும். செம்பு மட்டும் ஏறியிருந்தால் புது ஆயில் கூலர் எண்ணெயில் கரைகிறது, அவ்வளவுதான். அந்தச் சிவப்பு நிறம் பழைய எஞ்சின்களுக்கு வைத்த வரம்பு. உங்கள் கம்பெனி வாங்கியிருப்பது எண்களும் நிறமும் மட்டும் உள்ள மலிவான சோதனை. ஆள் உட்கார்ந்து குறிப்பு எழுதுகிற சோதனை வேறு. இதைச் சொல்லிவிட்டு, பொதுவாகச் சொல்கிறேன் என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டாள்.

கடைசியில் லுதியா கேட்டது ஒன்றுதான். இதை நான் ஆபீசில் போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? கூடப் பிறந்த வண்டிகளைப் பாருங்கள் என்றாள் வெனிங். ஒரே நாளில், ஒரே தொழிற்சாலையிலிருந்து வந்த எஞ்சின்களில் எல்லாம் இதே சிலிக்கான் இருந்தால், ஏழு டிரைவரும் சேர்ந்து பில்டரைத் தட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மற்ற ஆறு வண்டிகளிலும் முதல் எண்ணெய் இன்னும் மாற்றவில்லை. அந்த வாரம்தான் மாற்றப் போகிறார்கள். மாதிரிக்கு ஒரு வண்டி போதும், மற்றதைச் சோதனை செய்யாமலே வடித்துக் கொட்டலாம் என்பது ஹர்யோனோவின் திட்டம். எண்ணெயை வடித்துவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும்.

மறுநாள் அவள் நேராக ஆபீசுக்குப் போய், ஏழு வண்டியின் எண்ணெயையும் சோதிக்கச் சொன்னாள். மேலாளர் தலையை நிமிர்த்தவே இல்லை. கையெழுத்துப் போடுகிற வரைக்கும் பதினாலாம் வண்டி இல்லை, தண்ணீர் வண்டியை எடுத்துக்கொள் என்றார். சாலையில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கிற வண்டி அது. பழசு, பிரேக் பிடித்தால் அலறும், புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அவமானப்படுத்தத்தான் கொடுக்கிறார் என்று லுதியாவுக்குத் தெரிந்தது. சாவியை வாங்கிக்கொண்டு, கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

நாலு நாள் தண்ணீர் தெளித்தாள். தினம் ஷிப்ட் முடியும்போது ஒரு குமாஸ்தா கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவான். தினம் அவள் அதை வாசித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஒரு வார்த்தையாவது மாறியிருக்கிறதா என்று பார்க்கிறேன், மாறவில்லையே என்பாள். சில டிரைவர்கள் ஒயர்லெஸ்ஸில், பூச்செடிக்கும் கொஞ்சம் தெளிச்சிட்டுப் போங்க காக் என்று அக்கா முறை சொல்லிக் கிண்டல் செய்தார்கள். உங்க வண்டிக்கு நாளைக்கு இதே தாள் வரும், அப்ப நானே வந்து உங்க தலையில தெளிக்கிறேன் என்று அவள் பதில் சொன்னாள். கிண்டல் குறைந்தது. அவள் சொன்னது உண்மைதான் என்பது ஒவ்வொருவருக்கும் உறைக்க ஆரம்பித்திருந்தது. புது வண்டி ஓட்டுகிற எவன் பேரிலும் இந்தக் கடிதம் வரலாம்.

ஐந்தாம் நாள் காலை, மற்ற ஆறு வண்டிகளும் எண்ணெய் மாற்ற ஒர்க்ஷாப்புக்கு வர வேண்டும் என்று பட்டியல் ஒட்டியிருந்தார்கள். முதலில் உள்ளே வந்தது பதினாறாம் வண்டி. ஷாரானி எஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எண்ணெய் வடிக்கிற குழியின் மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் தள்ளிப் போகச் சொன்னான். மாதிரி எடுக்காமல் ஒரு சொட்டு எண்ணெய் வடியாது என்றார் அவர். பின்னால் வந்த ஐந்து வண்டிகளும் வரிசையாக நின்றன. ஒன்றன் பின் ஒன்றாக எஞ்சின்கள் அணைந்தன. யாரும் கோஷம் போடவில்லை. ஒருவன் காபிப் பொட்டலத்தைப் பிரித்து வெந்நீர் கேட்டான்.

ஹர்யோனோ வந்தார். இது வேலை நிறுத்தம், எல்லார் பேரையும் எழுதுவேன் என்றார். நாங்கள் வேலைக்கு வந்துவிட்டோம், பட்டியலில் சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நிற்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள் என்றார் ஷாரானி. துறையில் படகு நிலக்கரிக்காகக் காத்திருந்தது. ஒன்பது மணிக்குத் துறையிலிருந்து முதல் போன் வந்தது. ஒன்பதே முக்காலுக்கு மூன்றாவது. பத்து மணிக்கு ஹர்யோனோ மெக்கானிக்கிடம் புட்டிகளை எடுத்து வரச் சொன்னார்.

லுதியா தண்ணீர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். எண்ணெய் வண்டியில் வேலை பார்த்த காலத்தில் இதை நூறு தடவை செய்திருக்கிறாள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வண்டிக்கும் புதுக் குழாய், புட்டி மூடியைத் தரையில் வைக்கக் கூடாது. மெக்கானிக் ஒரே குழாயை இரண்டாம் வண்டிக்கும் நுழைக்கப் போனபோது அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். லேபிளில் வண்டி நம்பரை அவளே எழுதினாள். பெட்டியை டேப் போட்டு ஒட்டி, டேப்பின் மேல் ஆறு டிரைவர்களையும் கையெழுத்துப் போட வைத்தாள். பெட்டி பாலிக்பாப்பனுக்குப் போனது. வண்டிகள் துறைக்குப் போயின.

முடிவு வர ஐந்து நாள் ஆனது. ஹர்யோனோ ஏழு டிரைவர்களையும் கூப்பிட்டு, தாளை மேஜையில் விரித்து வைத்தார். லுதியாவின் பழைய முடிவையும் சேர்த்து ஏழு வரிசைகள். சிலிக்கான் எல்லாவற்றிலும் சிவப்பு. நாற்பத்து நாலு, அறுபத்து மூன்று, ஐம்பத்தொன்று என்று ஒவ்வொன்றும். தொண்டையைச் செருமிக்கொண்டு, தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்திருக்கிறது போலிருக்கிறது, கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், லுதியா தன் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். டிரைவர்கள் ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

லுதியா மட்டும் இன்னும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்தது சிலிக்கான் என்ற ஒரு கட்டத்தை. அவள் விரல் பக்கத்துக் கட்டத்தில் மேலிருந்து கீழே போனது. அலுமினியம் நாலு, ஆறு, ஐந்து, ஐந்து, நாலு. பிறகு இருபத்தேழு. அதே வரிசையில் இரும்பு நூற்று நாற்பத்தெட்டு, குரோமியம் ஒன்பது. இந்த மூன்றுக்கும் நிறம் வெறும் மஞ்சள்தான். சிலிக்கானும் நாற்பத்தொன்பதுதான், அவளுடையதைவிடக் குறைவு. யார் பார்த்தாலும் அந்த வரிசையை நல்ல வண்டி என்றுதான் சொல்வார்கள். வரிசையின் தொடக்கத்தில் பதினாறு, லேபிளில் அவள் தன் கையாலேயே எழுதிய நம்பர்.

கை கோத்துக்கொண்டு வருகிறது என்று வெனிங் சொன்னது இதைத்தான்.

அவள் எதுவும் சொல்லாமல் வெளியே வந்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. எண்ணெயை மாற்றிவிட்டார்கள், கடிதம் கிழிந்தது, சண்டையில் ஜெயித்தாயிற்று. ஆனால் அந்த எஞ்சினுக்குள் இன்னும் மண் போய்க்கொண்டிருக்கிறது. மூன்று மாதமோ நாலு மாதமோ கழித்து, லோடோடு ஒரு ஏற்றத்தில் அது விழும். அன்றைக்கு ஷாரானியின் பேரில் வருவது முதல் எச்சரிக்கையாக இருக்காது.

அவரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தாள். டயரில் சாய்ந்து நின்று புகைத்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"தெரிஞ்சிருச்சா?" என்றார்.

"நீங்க தட்டுனீங்களா, பாங்?"

"தட்டுனேன். இதே டயர்ல. பில்டர் அடச்சிருக்குன்னு லைட் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ஏத்தத்துல வண்டி இழுக்கல. ஸ்டோர்ல மூணு தடவ கேட்டேன், பில்டர் வரலன்னாங்க. தட்டும்போது ஓரம் நெளிஞ்சு போச்சு. அப்படியே மாட்டிட்டேன்."

"தெரிஞ்சும் முதல் ஆளா கொண்டாந்து நிறுத்துனீங்களே. உங்க எண்ணெயையும் எடுப்பாங்கன்னு தெரியாதா?"

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நான் பண்ணதத் தூக்கி உன் தலையில வெக்கிறாங்க. சோறு எறங்கல எனக்கு. போய் ஒத்துக்கிற தைரியம் வரல, லுதியா. வண்டிய நிறுத்துற தைரியம் மட்டும்தான் இருந்துச்சு."

லுதியாவுக்குக் கோபம் வந்தது. அது அவர்மேல் வந்ததா, தன்மேல் வந்ததா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பத்து நாள் தண்ணீர் வண்டியில் உட்கார்ந்து, தான் செய்யாத தவறுக்காக ஏச்சு வாங்கியிருக்கிறாள். அதே தவறைச் செய்துவிட்டுப் பேசாமல் இருந்தவர் இவர். அதே நேரத்தில், இவர் குழியின் மேல் உட்கார்ந்திருக்காவிட்டால் ஏழு வரிசைத் தாள் என்று ஒன்று வந்தே இருக்காது. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு, அதை நான் மறக்க மாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். அவர் தலையாட்டினார். பிறகு, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டார். உங்களையும் காட்டிக் கொடுக்க மாட்டேன், எஞ்சினையும் சாக விட மாட்டேன், ரெண்டுக்கும் வழி ஒன்றுதான் என்றாள். நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். நான் கூட வருவேன். வெறுங்கையோடு போகப் போவதில்லை.

அன்று மாலை அவள் தான் தங்கும் அறைக்குப் போய், அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். தினம் காலையில் வண்டியை எடுக்கும் முன் நிரப்பிக் கொடுக்கிற சோதனைப் படிவத்தின் நகல்கள். எல்லா டிரைவரும் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். லுதியா டிக் போட மாட்டாள், எழுதுவாள். 'பில்டர் லைட் எரிகிறது. புது பில்டர் வேண்டும்.' பத்தொன்பது நாள், பத்தொன்பது தாள். லைட் எரிந்துகொண்டே அவள் மெதுவாக ஓட்டியிருக்கிறாள், தட்டவில்லை. ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒர்க்ஷாப் முத்திரை விழுந்திருந்தது. வாசித்தோம் என்பதற்கான முத்திரை.

மறுநாள் காலை இருவரும் கண்டெய்னருக்குள் போனார்கள். ஷாரானி ஓரம் நெளிந்த பில்டரைக் கழற்றிக் கையில் கொண்டுவந்திருந்தார். அதை மேஜைமேல் வைத்தபோது புழுதி உதிர்ந்தது. அவர் நடந்ததைச் சொன்னார், ஒன்றையும் மறைக்கவில்லை. ஹர்யோனோவின் முகம் தெளிந்தது. ஆள் கிடைத்துவிட்டான். இழுப்பறையைத் திறந்து கடிதத் தாளை எடுத்தார். முதல் எச்சரிக்கை இல்லை, நேராக மூன்றாவது என்றார். கம்பெனி சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்தது, மறைத்தது, மற்றவர்களைத் தூண்டி வண்டிகளை நிறுத்தியது.

"எழுதுங்க, பாக்" என்றாள் லுதியா. "எழுதும்போது இதையும் எழுதுங்க." பத்தொன்பது தாளையும் அவர் முன்னால் வரிசையாக அடுக்கினாள். "பில்டர் வேணும்னு பத்தொம்பது நாள் கேட்டிருக்கேன். பத்தொம்பது நாளும் உங்க முத்திர இருக்கு. மாசத்துக்கு ஏழு பில்டர் மாத்துனதா சுரங்கத்துக்காரங்களுக்கு நீங்க ரிப்போர்ட் அனுப்பியிருக்கீங்க. அந்த ரிப்போர்ட் கேண்டீன் பலகையிலதான் தொங்குது. எங்க அந்த ஏழு?"

ஹர்யோனோ தாள்களைத் தொடவில்லை.

"அலுமினியம் இருபத்தேழுன்னு நான்தான் உங்களுக்குச் சொல்றேன்" என்றாள் அவள். "நேத்து நீங்க அந்தக் கட்டத்தப் பாக்கவே இல்ல. நான் பேசாம போயிருந்தா மூணு மாசத்துல எஞ்சின் போயிருக்கும். பழி போட ஆள் தேடுறதுக்கு முன்னால தாள முழுசா வாசிங்க."

உன் வேலை என்ன, வண்டி ஓட்டுவதா, ஆய்வகம் நடத்துவதா என்று அவர் கேட்டார். வண்டி ஓட்டுவதுதான், அதனால்தான் வாசித்தேன் என்றாள். அவளையும் சேர்த்து வெளியே அனுப்ப முடியும் என்றார். அனுப்புங்கள், இதே கட்டோடு நான் சுரங்கத்துக்காரர்களின் ஆபீஸ் வாசலில் போய் நிற்பேன், அவர்களுக்கு வாசிக்கத் தெரியும் என்றாள். அவள் குரல் உயரவில்லை.  ஷாரானி பக்கத்தில் அசையாமல் நின்றார்.

அரை மணி நேரம் யார் யாரிடமோ போனில் பேசிவிட்டு, ஹர்யோனோ ஒரு முடிவுக்கு வந்தார். ஷாரானிக்கு முதல் எச்சரிக்கைதான். பில்டரைத் தட்டியதற்கு மட்டும். வண்டிகளை நிறுத்தியதைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. ஷாரானி பேனாவை வாங்கி, கையெழுத்துப் போடுவதற்கு முன் கோட்டுக்கு மேலே தன் கையாலேயே ஒரு வரி எழுதினார்: 'மூன்று முறை கேட்டும் புது பில்டர் தரவில்லை.' அழி என்றார் மேலாளர். அது நடந்ததுதானே, பாக் என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டார். அந்தக் கடிதம் அப்படியே பைலுக்குள் போனது.

மூன்று நாளில் பில்டர் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கின. பதினாறாம் வண்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். பில்டருக்கு அப்பால் காற்றுக் குழாயின் உட்புறத்தில், விரல் வைத்தால் ஒட்டுகிற சிவப்பு மண் கோடு ஓடியிருந்தது. டர்போவின் இறக்கைகளில் லேசான கீறல். சிலிண்டர் அழுத்தம் இன்னும் நன்றாகத்தான் இருந்தது. இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் இருந்திருக்காது என்று மெக்கானிக் சொன்னான். குழாயைக் கழுவி, புது பில்டர் மாட்டி, எண்ணெய் மாற்றினார்கள். நூறு மணி நேரம் கழித்து எடுத்த மாதிரியில் அலுமினியம் எட்டு, இரும்பு முப்பத்தொன்பது. ஷாரானி அந்த எண்களைக் கேட்டதும் நெடுநாளைக்குப் பிறகு ஒயர்லெஸ்ஸில் பாடினார். பாட்டு சகிக்கவில்லை என்று ஐந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

லுதியாவும் அவரும் பழைய மாதிரி உடனே ஆகிவிடவில்லை. கேண்டீனில் ஒரே மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் கொஞ்ச நாள் அவள் அதிகம் பேசவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. ஒரு நாள் அவளாகவே அவர் தட்டிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொண்டாள். அதோடு சரியாயிற்று.

சோதனை முடிவுகள் கம்பெனியின் உள் விஷயம், டிரைவர்களுக்குக் காட்டத் தேவையில்லை என்று ஹர்யோனோ ஒரு சுற்றறிக்கை விட்டார். லுதியா தன் போனில் இருந்த முதல் சோதனைத் தாளின் படத்தை ஊரில் ஒரு கடையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கேண்டீன் சுவரில் ஒட்டினாள். அலுமினியக் கட்டத்தைச் சுற்றி பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் தூசி தனியாக வராது என்று எழுதியிருந்தாள். மறுநாள் குமாஸ்தா வந்து கிழித்தான். அவள் இன்னொன்று ஒட்டினாள். அதையும் கிழித்தான். மூன்றாவது தடவை அவன் வந்தபோது கேண்டீன் நடத்துகிற மஸ்னியா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். அறுபது வயதுப் பஞ்சார்க்காரி, யாருக்கும் பயப்படாதவள்.

"சுவரு என்னுது" என்றாள். "என் சுவத்துல என்ன தொங்கணும்னு உங்க மேலாளர் சொல்ல வேண்டியதில்ல. அவருக்கு மத்தியானச் சோறு வேணுமா வேண்டாமான்னு கேட்டுட்டு வா."

குமாஸ்தா போனான். தாள் அங்கேயே இருந்தது. அடுத்த மாதம் ஏழு வண்டிகளின் புது முடிவுகளும் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தன. யார் கொண்டுவந்து ஒட்டினார்கள் என்று ஆபீசிலிருந்து கேட்டபோது, ஏழு பேரும் கை தூக்கினார்கள்.